துயரின் சார்புகளும் காவலின் கடமையும்

இல்லத்துக்குள் ஒரு பெண் படும் அடி அவளுடைய முன்வினைப் பயனா, ஊராரின் பொறுப்பா என்னும் வினாவுக்கு, தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளிலேயே மாரிக்குப்பத்தில் கிளைவிட்டிருந்த கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், பௌத்தத்தின் வழியே விடை தேடுவது பொருத்தமாகும். சார்பில் தோற்றம், அதாவது எதுவும் தனித்து நிகழாமல் பல காரணங்களைச் சார்ந்தே எழுகிறது என்னும் கொள்கை, துயரை விதியென விட்டுவிட இடந்தருவதில்லை. அவ்வாறு பல சார்புகளால் எழுவதால், கொலையில் முடியக்கூடிய ஆபத்தும் துண்டுதுண்டாகவே புலப்படுகிறது. மருத்துவர் கண்ட காயத்தைக் காவலர் அறியார், காவலர் கேட்ட மிரட்டல் மருத்துவமனைக்கு எட்டாது. இவற்றை ஒருங்கே வைத்து ஆராயும் பல்துறைக் கூட்டங்கள் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2003இல் தொடங்கின. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பாதிக்கப்பட்டவரை நீதிமன்றத்தோடும் காப்பகத்தோடும் இணைக்கும் பாதுகாப்பு அலுவலர் என்னும் பொறுப்பை உருவாக்கி, துறைகளின் ஒருங்கிணைப்பையும் அரசின் கடமையாக்கியது. தங்கவயலோ காவல்துறைக்குத் தனி மாவட்டம், வருவாய் நிருவாகத்தில் கோலாரின் பகுதி; ஆகவே, 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் வேலையிழப்பும் சேர்ந்தழுத்திய குடியிருப்புகளில் வாழும் தமிழ்ப் பெண்ணொருத்தியின் முறையீடு, கன்னடத்தில் இயங்கும் இரு நிருவாகங்களுக்கிடையே தேங்காதிருக்க வேண்டுமெனில், கருணை மனநெகிழ்ச்சியாக நின்றுவிடாமல், ஓர் அலுவலர் மற்றவருக்கு உரிய நேரத்தில் தரும் செய்தியாக வடிவெடுக்க வேண்டும். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு அச்செய்தியைத் தொடங்கும் உரிமையை அண்டைவீட்டாருக்கும் அளித்து, நல்லெண்ணத்துடன் தகவல் தருவோரை உரிமையியல், குற்றவியல் பொறுப்புகளிலிருந்து விலக்கிக் காக்கிறது.