ராவுத்தரும் மரைக்காயரும்

காஹாங்கில் நம் கடைக்கு வரும் மலாய்ச் சகோதரருக்குத் தம் பெயர், 'பின்', தகப்பனார் பெயர், அதோடு முடிந்தது. நம்மவர் பலருக்கு ராவுத்தர், மரைக்காயர் என்று ஒன்று கூடவே வருகிறது. ராவுத்தர் என்றால் குதிரை வீரர். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று அழைத்திருக்கிறார்! மரைக்காயர் மரக்கலம் ஓட்டியவர் என்பார்கள். இன்று குதிரையுமில்லை, கப்பலுமில்லை. இருவரும் தராசுதான் பிடிக்கிறோம். முன்னோர் நினைவாகப் பெயர் இருக்கட்டும், குற்றமில்லை. ஆனால் பெண் கேட்டு வரும் பிள்ளையிடம் தொழுகையை விசாரிக்குமுன், "நீர் ராவுத்தரா, மரைக்காயரா?" என்று கேட்டுத் திருப்பியனுப்புவது என்ன நியாயம்? ராவுத்தர் ஹனபி, மரைக்காயர் ஷாபி, மத்ஹபு வேறு என்று சமாதானம் சொல்கிறோம். மலாய்க்காரரும் ஷாபிதானே, அவர்களோடு சம்பந்தம் செய்த ராவுத்தர்கள் இந்நாட்டில் இல்லையா?