தொண்ணூற்றேழாவது படி

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒன்று. கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் அவ்வா, ஒவ்வொரு முறையும் 97-வது படியில் உட்கார்ந்துவிடுவாள். "இது உன் படி நைனா." முட்டிவலிக்கு அது ஒரு சாக்கு என்றே நினைத்திருந்தேன். இன்ஜினியரிங் முதல் வருஷம் அவளைத் திருத்தப் பார்த்தேன்: என் பிறந்தநாள் ஜூலை 19, அது 200-வது நாள். அவ்வா அசரவில்லை. "சித்திரையிலேர்ந்து எண்ணுடா. ஆடி மூணு." எண்ணிப் பார்த்தேன். 97.

பொது இடம் ஒன்று எப்படி 'என்னுடையது' ஆகிறது? மெரினாவில் 'நம்ம சென்னை' என்று பெரிய எழுத்துகளை நிறுத்தியிருக்கிறார்கள். நானும் அதன் முன் படம் எடுத்துக்கொண்டவன்தான், கிண்டல் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் அது எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்கிறது. படி எதையும் சொல்வதில்லை. எண்ணுகிற வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது.

நான் வேலை பார்க்கும் செயலி பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். அதைப் பார்த்து எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று மறுநாள் கணக்கெடுப்போம். ஒருவருடைய பிரியத்தைக் குறிவைத்துக் கட்டலாமா என்ற கேள்வி அங்கேதான் உறுத்தத் தொடங்கியது. படிகளுக்கு மட்டும் நோக்கம் இல்லையா? புத்தாண்டுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளைக் கும்பிடப் போன கூட்டத்தை முருகன் பக்கம் திருப்பத்தான் வள்ளிமலை சுவாமிகள் டிசம்பர் 31 படித் திருவிழாவைத் தொடங்கினார் என்பார்கள். அதுவும் ஒரு வடிவமைப்புதான். ஆனால் வந்தவர் எந்தப் படியில் உட்கார வேண்டும், யாரை நினைக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

'டிசைன் பேட்டர்ன்' என்று நாங்கள் ஆபீசில் சொல்வது கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் அலெக்ஸாண்டரிடம் வாங்கியது. 1977-ல் வந்த அவருடைய 'எ பேட்டர்ன் லாங்வேஜ்' நூலில் உட்காரத் தோதான படிக்கட்டுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதைப் படித்தபோது எனக்கு அவ்வாவின் முட்டிதான் ஞாபகம் வந்தது.

கடைசி வருஷம் அவளைக் காரில் மேலேயே கொண்டுபோய் இறக்கினேன். மலைக்குச் சாலை போட்டது பெரிய உபகாரம். நடக்க முடியாதவர்களுக்கு வேறு வழி ஏது? தரிசனம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. திரும்பும்போது, "உன் படியைப் பாக்கலியேடா," என்றாள். பார்க்கிங்கில் பின்னால் ஹாரன். அடுத்த முறை என்றேன்.

இப்போது தனியாகத்தான் ஏறுகிறேன். 97-ல் உட்காருகிறேன், என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. என் தங்கை மகள் 2024 பிப்ரவரி 29-ல் பிறந்தாள். என் ஜனவரிக் கணக்கில் அவளுக்குப் படியே கிடையாது. அவ்வா கணக்கில் 322.