30 பவுண்டு

பேசின காசைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டோம். அதோடு கணக்கு தீர்ந்துவிடுமா?

1973 ஜனவரி. லண்டனில் அபே ரோடு ஸ்டுடியோ. பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழு, ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை முடிக்கும் தறுவாயில் இருந்தது. ரிச்சர்ட் ரைட் பியானோவில் அமைத்த ஓர் இசை மட்டும் ஏதோ குறையாகவே நின்றது. ஒரு பெண் குரல் சேர்த்தால்? ஒலிப்பதிவு இன்ஜினீயர் ஆலன் பார்சன்ஸ், கிளேர் டோரி என்ற பாடகியைச் சிபாரிசு செய்தார். வயது 25.

ஞாயிற்றுக்கிழமை வந்தார் டோரி. பாட்டு எங்கே என்றால், பாட்டே கிடையாது. வார்த்தையும் இல்லை, மெட்டும் இல்லை. நீங்களே ஏதாவது பாடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பாவம், முதலில் முழித்தார். பிறகு தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அலறினார், கெஞ்சினார், முனகி அடங்கினார். இரண்டு மூன்று டேக்தான். ‘ரொம்ப ஓவராப் போயிட்டோமோ’ என்று அவருக்கே கூச்சம். ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி. 30 பவுண்டு. வாங்கிக்கொண்டு போய்விட்டார். தன் குரலை வைத்துக்கொண்டார்கள் என்பதே, பிறகு கடையில் ரெக்கார்டைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியுமாம்.

ஆல்பம் 4 கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். உறையில், பாடியவர் என்று டோரியின் பெயர் இருந்தது. இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட் மட்டும்.

இதில் வில்லன் யாருமில்லை. அதுதான் சிக்கல். ‘ஆல்பம் ஊத்திக்கொண்டிருந்தால் 30 பவுண்டைத் திருப்பித் தந்திருப்பாரா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நஷ்டத்துக்கு வராதவர் லாபத்துக்கு மட்டும் வரலாமா?

ஆனால், அந்தக் கூலி எதற்குப் பேசினது? பாடுவதற்கு. இருக்கிற மெட்டைப் பாடுவது பாடகி வேலை. இல்லாத மெட்டை நின்ற இடத்தில் உண்டாக்குவது? அது பேச்சிலேயே வரவில்லை. என்ன கைமாறுகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவர்களுக்கும் தெரியாது. தெரியாத சரக்குக்கு விலை பேசுவது எப்படி?

2004-ல் டோரி கோர்ட்டுக்குப் போனார். 2005-ல் சமரசம். தொகை ரகசியம். ஆனால் அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில், அந்த இசையை உருவாக்கியவர்கள் என்று இரண்டு பெயர்கள்: ரைட், டோரி. ஒரு பெயர் சேர அரை வரி இடம் போதும். அதற்கு 30 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

எனக்குத் தோன்றுவது இதுதான். பேசின காசு என்பது நியாயத்தின் முதல் படி. அதற்குக் கீழே இறங்கினால் மோசடி. மேலே இன்னும் எத்தனை படி என்பதைக் கோர்ட் சொல்லும் முன்னால் நாமே ஏறிவிட்டால் மரியாதை.

நம்மிடம் கூலி வாங்கிப் போனவர்களை ஒரு தடவை மனசில் ஓட்டிப் பாருங்கள். யாரோ ஒருவர் பேசினதற்கு மேல் எதையோ கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

அவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா?