பயந்த தாயைக் குறை சொல்லலாமா?

பிள்ளைக்குத் தடுப்பூசி போட மறுக்கும் தாயை "அறிவில்லாதவள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வாசகர்களே, பயப்படுவது ஒரு குற்றமா? பசுபிக் சமுத்திரத்துச் சமோவாவில் நடந்ததை அறிந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறமாட்டீர்கள்.

ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் வாழும் தீவு நாடு அது. தலைநகர் ஆப்பியா இருப்பது உப்போலு தீவில். அங்கிருந்து சவாயித் தீவுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட கப்பற் பயணம். பழைய முறையில் கட்டிய வீடுகளுக்குச் சுவரே இல்லை, தூண்களும் கூரையுந்தான். ஒரு வீட்டின் அழுகை ஊர் முழுவதற்கும் கேட்கும். மாலையில் மணியோ சங்கோ ஒலித்ததும் வீதி வெறிச்சோடும். குடும்பங்கள் கூடிச் செபிக்கும். கிளினிக்கில் வேலை செய்யும் தாதியும் இந்த ஊர்வாழ்வுக்குள் இருப்பவளே. காலையில் ஊசி போட்ட பிள்ளையை மாலையில் வழியிற் காண்பாள்.

2018 யூலை 6ஆந் திகதி, சவாயியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வயதுப் பிள்ளைகள் இருவருக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசி போடப்பட்டது. இம்மருந்து தூளாக வருவது. அதற்கென உள்ள சுத்தமான நீரிற் கரைத்தே ஏற்ற வேண்டும். அன்று நீருக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பாவிக்கும், காலாவதியான ஒரு மருந்திற் கரைத்துவிட்டார்கள். முதற்பிள்ளை சில நிமிடங்களில் இறந்தது. அத்தோடாவது நிறுத்தினார்களா? அன்றே இரண்டாம் பிள்ளைக்கும் அதே தவறு நேர்ந்தது, அதுவும் இறந்தது. தாதியர் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2019 ஓகஸ்டில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர்.

அறியாமை எல்லாம் ஒரே தரமானதன்று என்று ஒழுக்கவியல் படித்தவர்கள் சொல்வார்கள். நீக்கக்கூடிய அறியாமை ஒன்று, நீக்க வழியில்லாத அறியாமை மற்றொன்று. தாதியின் கையிலிருந்த குப்பியில் மருந்தின் பெயரும் திகதியும் எழுதப்பட்டிருந்தன. ஆயிரம் தடவை வாசித்துச் சலித்த எழுத்துத்தான். ஆனால் அதை ஆயிரத்தோராம் தடவையும் வாசிப்பதே அவளுடைய உத்தியோகம். தாய்க்கு வாசிக்க என்ன இருந்தது? தாதியின் முகம் மட்டுமே.

அந்தத் தாய்மார் இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்ததைக் கேட்டவர்கள். சின்னமுத்தால் சாகும் பிள்ளையை அவர்களிற் பலர் கண்டதில்லை. தடுப்பூசி அதைக் காணவிடாமற் செய்திருந்தது. அரசாங்கமும் பல மாதங்கள் ஊசியை நிறுத்தி வைத்தது. இந்த நிலையிற் பயந்தவளை நான் குறைகூறேன். அவளுடைய பயத்தை ஊதி வளர்த்து, அதில் பேரும் பணமும் தேடியவர்களை அவளோடு ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன்.

ஆனால் குற்றமற்ற பயமும் பிள்ளைகளைக் கொல்லும். 2018இல் அந்நாட்டுக் குழந்தைகளில் முதலாம் ஊசி பெற்றவர்கள் நூற்றுக்கு 31 பேரே என்று கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் சின்னமுத்து பரவியது. 5,700 பேருக்கு மேல் நோயுற்றனர். 83 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லை. அயல்வீட்டுப் பிள்ளை ஊசி பெற்றிருப்பதுதான் அதற்குள்ள பாதுகாப்பு. ஆகவே தன் பிள்ளையைப் பற்றி ஒரு தாய் செய்யும் தீர்மானம் அவளது வீட்டோடு நிற்பதில்லை. சுவரில்லாத ஊரில் இது இன்னும் கண்கூடு.

2019 நவம்பரில் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, ஊசியைக் கட்டாயமாக்கியது. டிசம்பர் 5ஆம், 6ஆந் திகதிகளில் கந்தோர்களையும் கடைகளையும் மூடி, எல்லாரையும் வீட்டிலிருக்கச் சொன்னது. ஊசி பெறாதவர்கள் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டவேண்டும். தாதியர் குழுக்கள் வீடு வீடாகச் சென்றன. மாத முடிவுக்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் ஊசி பெற்றுவிட்டனர்.

சட்டம் மட்டுமா இதைச் சாதித்தது? நான் அப்படி எண்ணவில்லை. சாவு வாசலுக்கு வந்திருந்தது உண்மை. எனினும் சட்டத்துக்குப் பயந்தவன் துணி கட்டாமல் உள்ளே ஒளிந்திருக்கலாம். துணி கட்டியவர்கள் தாதியரைத் தங்கள் பாயில் அமர்த்தி, அதே ஊசிக்குப் பிள்ளையின் கையை நீட்டினார்கள். வெட்கமும் துக்கமும் சுமந்த ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள், சட்டை நனையும் வெயிலில் குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்ததை அவர்கள் கண்டார்கள்.

நீங்களும் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிச் சென்றவர்கள்தாம். "நோனா, மருந்தை ஒருக்காற் காட்டுங்கோ" என்று கேட்க எத்தனை தாய்மாருக்கு மனம் வருகிறது? கேட்டால் ஏசுவார்கள் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். குப்பியைத் திருப்பித் திகதியைக் காட்ட அரை நிமிடம் போதும்.