மூன்று மா

வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அடிச்சேறு வெடித்துச் சில்லுச் சில்லாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றைப் பெயர்த்துத் திருப்பினால் அடிப்பக்கம் இன்னும் ஈரம். அதில் ஒரு நத்தை, வாய் மூடிக் கிடக்கிறது.

இருந்தபடியே வைத்துவிடுகிறேன்.

*

மூன்று மா. ஏறக்குறைய ஒரு ஏக்கர். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கிறது. வரப்பில் நிற்கும்போது மாதான்.

வேலிக் கணக்கில் வைத்திருந்தவர்கள் வீட்டுத் திண்ணைகள் காலி. பிள்ளைகள் கடல் தாண்டிவிட்டார்கள். தூண்கள் மட்டும் முதுகு சாய்ந்து சாய்ந்து ஏறிய பளபளப்போடு நிற்கின்றன.

வேலை ஓய்ந்தபோது வந்த பணம் இந்த மண்ணுக்குள் போயிருக்கிறது. காலை வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கோரை. அருகு. ஒரு மடையான்.

*

டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்து மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வாசிக்கிறார். நிரம்பினால் 120 அடி. 93.47 டி.எம்.சி. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 47-ஐயும் யாரும் விடுவதில்லை.

மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. ஜூன் 12 திறப்பு என்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதி சும்மா கடந்துபோனது. 2024-இல் ஜூலை 28.

இங்கே பணம் போட்டவனின் முதல் தேதி அவன் கையில் இல்லை. மேட்டூருக்கு மேலே கபினி, கிருஷ்ணராஜசாகர். அதற்கும் மேலே குடகு மலையில் ஒரு மழை.

டீ ஆறுகிறது.

*

"தண்ணி வந்துட்டாப் பாத்துக்கலாம் சார்."

நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் அண்ணன் சொல்கிறார். விதையைக் கேட்டாலும் இதே பதில். உரத்தைக் கேட்டாலும்.

*

அணை திறந்து மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு போகப் போக வெட்டாறாகவும் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிகிறது. பிரிந்தது வாய்க்காலாகிறது. வாய்க்கால் கன்னியாகிறது. கன்னி மடைக்கு வருகிறது.

முதலில் வருவது தண்ணீர் இல்லை. சருகு, நுரை, தெர்மாகோல் துண்டு, மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி. இவற்றைத் தள்ளிக்கொண்டு, பின்னால், ஒரு விரல்கடை உயரத்தில் ஈரம்.

ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. கரையில் ஒரு நாய் அதற்கு ஈடாக நடந்து வருகிறது. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது மண் சின்னச் சின்னதாகச் சத்தம் போடுகிறது.

நத்தை இருந்த இடம் எது என்று இப்போது தெரியவில்லை.

*

ஆனைமங்கலம் நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கிறது.

சுமத்திராவையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுக்கிறான். 1006 வாக்கில் ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை அந்த விகாரத்துக்கு எழுதி வைக்கிறான். 97 வேலி சொச்சம் நிலம். 8943 கலம் சொச்சம் நெல். அந்தச் சொச்சத்தைக் கொடையின் செப்பேடு தூணி, குருணி, நாழி வரை இறங்கி எழுதுகிறது. கடல் கடந்த நாட்டு அரசன் கட்டிய விகாரத்தின் விளக்கு, இங்கே ஏதோ ஒரு மடை திறந்ததால் எரிகிறது.

இருபது வருடம் கழித்து ராஜேந்திரனின் கப்பல்கள் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் போகின்றன.

விகாரத்தில் கடைசியாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்தார்கள். ஆனைமங்கலத்தில் இன்றும் நெல் நடுகிறார்கள்.

*

பரம்படித்த வயல். வானம் முழுவதும் அதில் கிடக்கிறது. காலை வைத்தால் முழங்கால் வரை போகிறது. மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர்ச்சி. கால்விரல்களுக்கு நடுவே சேறு பிதுங்கி ஏறுகிறது.

கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறேன். எண்ணம் ஒன்று வருகிறது. யூரியா விலை. போகிறது.

*

சம்பாவுக்கு இந்த முறை சி.ஆர். 1009. பொன்மணி என்றும் பெயர். கட்டாக்கில் உருவான ரகம். நூற்று ஐம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கும்.

அதன் வழியைப் பின்னால் தொட்டுப் போனால் பங்கஜ். பங்கஜுக்குப் பின்னால் பீட்டா என்ற இந்தோனேசிய நெல். உலகத்தைச் சுற்றி வந்த ஐ.ஆர். 8-க்கும் அதே பீட்டாதான் ஒரு பக்கத்துப் பெற்றோர். பீட்டாவைப் பெற்ற இரண்டில் ஒன்று வங்காளத்து நெல், லதிசாயில்.

நடவுக்கு வந்திருப்பவர்கள் வங்காளத்துப் பையன்கள். கயிறு பிடித்து நேராக நடுகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு கிழவி சொல்கிறார்: "வெரசாத்தான் நடுறானுவ. குலவை தெரியலியே."

பையன்களில் ஒருவன் போனில் பாட்டு வைக்கிறான். குனிந்த முதுகுகள் மேல் அது போய்க்கொண்டே இருக்கிறது.

*

பெரிய கோயில். உச்சிவேளை. கல் சுடுகிறது.

அடித்தளத்து எழுத்துகளில், கோயில் காசை ஊர்ச்சபைகள் வட்டிக்கு வாங்கிய கணக்கு இருக்கிறது. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் வாங்கும் பொருள்களும் எழுதியிருக்கின்றன. இறைவன் நீராடும் தண்ணீருக்கு ஏலரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர்.

வட்டியை ஊர்ச்சபை எங்கிருந்து எடுக்கும். நெல்லிலிருந்து. வேறு வழி இல்லை.

எவ்வளவு காலத்துக்கு என்றும் இருக்கிறது. சந்திரனும் சூரியனும் உள்ள வரை.

என் நோட்டில் கணக்கு தையோடு முடிகிறது.

*

கீழ்வெண்மணியை ஒட்டிப் பேருந்து போகிறது.

1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட குடும்பங்கள். ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர்.

நிலத்தில் போட்ட பணம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த எண் கூடவே வருகிறது. வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே வயல். பச்சை. யார் வயல் என்று பச்சையில் தெரிவதில்லை.

*

புரோக்கர் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கி வருகிறார். செருப்பைக் கழற்றவில்லை.

"ரோட்டடி சார் இது. மனை போட்டா நாளைக்கே ஆள் இருக்கு."

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு, தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை என்று தடைப் பட்டியல் போகிறது. அதில் வீட்டுமனை இல்லை.

பக்கத்து வயலில் நடுகல் அளவுக்குச் சுண்ணாம்பு அடித்த கற்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரிச்சான் குருவி.

*

ஐப்பசி. மழை நிற்கவில்லை.

ஜூனில் தண்ணீர் வரவேண்டும் என்று காத்திருந்தோம். இப்போது அது போக வேண்டும் என்று காத்திருக்கிறோம். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது. அண்ணன் இடுப்பளவு நீரில் நின்று அதை இழுத்துக் கரையில் எறிகிறார். எறியும் ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு.

பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. காற்று வரும்போது அதுவும் மறைகிறது.

2018 நவம்பரில் கஜா வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. தென்னை நட்டவர் காய்ப்புக்குக் காத்திருந்தது பல வருடம். சாய்ந்தது ஒரு இரவில். இங்கே பயிர் ஆறு மாதத்துக் கடன். அதை நினைத்து ஆறுதல் கொள்ள முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

தவளைகள்.

*

தை. கதிர் சாய்ந்திருக்கிறது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள் உளுந்து தெளிக்கிறார்கள்.

உழவு இல்லை. உரம் இல்லை. பாய்ச்சல் இல்லை. சம்பா விட்டுப்போன ஈரமும் இரவுப் பனியும் போதும். தாள் உயரத்துக்கு மேலே அரிவாளோ வண்டியோ போகும்போது, அடியில் இரண்டு இலை விட்டிருக்கும்.

பெல்ட் வண்டி அறுத்த இடத்தில் அந்த இரண்டு இலை நசுங்கிவிடுகிறது. கையால் அறுக்க ஆள் இல்லை. வண்டி வாடகை மணிக்கணக்கு. ஓட்டுபவர் சேலத்துக்காரர். காது கேட்காத அளவுக்குச் சத்தம், பிறகு அது நின்றதும் வயல் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

வண்டித் தடத்துக்கு நடுவில் பச்சை கொஞ்சம் பிழைத்திருக்கிறது.

*

நேரடி நெல் கொள்முதல் நிலையம். குவியல் குவியலாக நெல், மேலே படுதா. ஈரப்பதம் 17-க்குள் இருக்க வேண்டும். தார்ச்சாலையில் காயவைத்து, காலால் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டு போகிறார் அண்ணன். பாதத்துக்குக் கீழே நெல் சரசரக்கிறது. பேருந்து வந்தால் ஒதுங்கி நிற்கிறார்.

மூட்டைக்கு நாற்பது கிலோ. 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2545 ரூபாய், பொது ரகம் 2500. பொன்மணி பொது ரகம்.

மூன்று மாவில் இரண்டு டன் கண்டால் ஐம்பதாயிரம். உழவு, நாற்று, நடவு, களை, உரம், வண்டி எல்லாம் கழித்து மிஞ்சுவதை அண்ணனுக்கும் எனக்கும் இரண்டாகப் பிரித்தால், வங்கியில் போட்டிருந்தால் வரும் வட்டியைத் தொடாது. லாபத்துக்காக இங்கே நிலம் வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. விற்கவும் தோன்றவில்லை.

இரவு அண்ணன் குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

*

குத்தகை வாய்ப்பேச்சு. எழுத்தில் இல்லை. அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று என் பெயர்தான் இருக்கிறது. அதனால் நெல்லுக்கான பணம் என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வெள்ள நிவாரணம் வந்தாலும் அதற்குத்தான் வரும். அவர் பங்கை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.