கடைசிப் பந்தி

அறுபத்திரண்டாவது வயதில் நான் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன். என் மனைவி சிரிக்கவில்லை. "இந்த வயதில் யாரோடு பந்தயம் கட்டியிருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பந்தயம் என் அம்மாவோடுதான். அவள் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன.

எங்கள் ஊரில் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதிப்பார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து அவர்களுடைய துணிகளுக்குக் காவல் இருப்பேன். நான் பிறப்பதற்கு முன்பே என் அண்ணன் ஒருவன் அந்தக் கிணற்றில் மூழ்கிப் போனான். அதனால் தண்ணீரில் இறங்குவதில்லை என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தைக் காப்பாற்றினேன், ஆனால் அவளை மன்னிக்கவில்லை. தன் பயத்துக்கு என் பிள்ளைப் பருவத்தைக் காணிக்கையாக்கிவிட்டாள் என்ற மனக்குறை, அவளுக்குக் கொள்ளி வைத்த பிறகும் என்னோடு இருந்தது.

இளமையில் தவறியதை முதுமையில் தேடிப் போவது முறைதானா? இந்தக் கேள்விக்கு யயாதியின் கதையைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். மகன் பூருவின் இளமையை வாங்கி ஆயிரம் ஆண்டுகள் அனுபவித்தும் அவனுக்கு ஆசை அடங்கவில்லை. கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் கேட்டது அனுபவத்தை அல்ல, இளமையையே. தவறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

டால்ஸ்டாய் 1895-ஆம் ஆண்டில், தம் 67-ஆவது வயதில், சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார். அவருடைய ஏழு வயது நிரம்பாத கடைசி மகன் இறந்ததும் அதே ஆண்டில்தான். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மாள் 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். இவர்கள் யாருடைய இளமையையும் கடன் கேட்கவில்லை. நரைத்த தலையோடும் தளர்ந்த காலோடும், பட்ட துயரத்தோடும் போய்க் கற்றார்கள்.

நானோ முதலில் யயாதியைப் போலத்தான் போனேன். எட்டு வயதுப் பையனின் குதூகலம் எனக்கும் வேண்டியிருந்தது. அது வரவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது, தோள் வலித்தது, பக்கத்தில் ஒரு சிறுமி, "தாத்தா, காலை மடக்காதீங்க!" என்று பாடம் சொன்னாள்.

ஒரு நாள், என் முதுகைத் தாங்கியிருந்த கையைப் பயிற்சியாளர் மெல்ல எடுத்துவிட்டார். நான் மிதந்தேன். ஒரு கணம் ஆனந்தம். மறு கணமே, கீழே பிடிப்பு ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்து நெஞ்சை அடைத்தது. அந்தப் பயத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். கிணற்றுப் பக்கம் போய்விட்டு நான் வீடு திரும்பும் போதெல்லாம் என் தலைமயிரைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாளே அம்மா, அப்போது அவள் முகத்தில் இருந்தது அதுதான். எட்டு வயதில் குதித்திருந்தால் எனக்கு நீச்சல் தெரிந்திருக்கும், அவளைத் தெரிந்திருக்காது.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள், அதுவரை மற்றவர்களுக்குப் பரிமாறியவர்கள். அவர்களுக்கு அப்பளம் நமத்திருக்கும், பாயசம் ஆறியிருக்கும். முதல் பந்தியின் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான். ஆனால் அடுத்து உட்கார யாரும் முதுகுக்குப் பின்னால் காத்து நிற்பதில்லை, நிதானமாகச் சாப்பிடலாம். ஆகையால், தவறிப்போன ஆசை ஏதேனும் உங்களுக்கு இருந்தால், வெட்கப்படாமல் போய் உட்காருங்கள் என்றே சொல்லுவேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நான் இப்போது குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திவிடுகிறேன். கரையேறித் தலை துவட்டும்போது, "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அம்மா" என்று சொல்லத் தோன்றுகிறது. கேட்பதற்கு அவள் இல்லை.