கோணமலைப் பாறையும் அநாதிக் காலமும்

கோணேசர் கோயில் நிற்கும் பாறையில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த முனைகளில் காணப்படும் குவாட்சைற் ஒருகாலத்தில் வெறும் மணல். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த அம்மணல், சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கை, இந்தியா, அந்தாட்டிக்கா ஆகியன கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக ஒன்றுசேர்ந்த காலத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. எலும்போ ஓடோ உடைய உயிர்கள் அது படிந்த நாளில் உலகில் இல்லை. இலங்கையில் அவற்றின் எச்சங்களுக்கு யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லையோ, யால தேசிய பூங்காவுக்குள் பாதுகாக்கப்படும் மினிகாகல்கந்தைக் கடலோரத்தையோ நாடலாம். மயோசீன் காலத்தைச் சேர்ந்த அவை இப்பாறைக்கு முன் நேற்றுப் பிறந்தவை.

கோணமலையின் ஆழ்ந்த பிளவு இராவணன் வெட்டு எனப்படுகிறது. தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முயன்றவனின் வாள் பட்ட இடம் என்பது ஐதீகம். கல்லின் வெடிப்பு வழியே விரிந்த இடைவெளி என்பது நிலவியல். இவற்றுக்குள் பெரிய பிணக்கில்லை. இறைவன் உறையும் இடம் ஒருவன் வலிமைக்குப் பெயராது என்பதே கதையின் பொருள்.

காலம் எழுப்பும் கேள்வி கடினமானது. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் உலகப் படைப்பை கி.மு. 4004இல் வைத்தார், பாறைகளின் வயது அக்கணக்கைப் பின்னர் உடைத்தது. சைவ சித்தாந்தத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. உலகின் மூலப்பொருளான மாயை அநாதி (தொடக்கமற்றது), உலகம் அதிலிருந்து தோன்றி அதிலேயே ஒடுங்கும். புராணங்கள் கூறும் 432 கோடி ஆண்டுக் கற்பம் பூமியின் வயதான சுமார் 454 கோடிக்கு அருகில் இருப்பதைச் சிலர் பெருமையாகக் காட்டுவர். அது தற்செயல். யுகக் கணக்கைப் பெருக்கி வந்த எண் அது, கல்லை அளந்து வந்ததன்று.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தனு, கரண, புவன, போகம் (உடல், அறிகருவிகள், உலகம், நுகர்பொருள்) நான்கும் உயிர்களின் பொருட்டே தரப்பட்டவை என்கிறது சித்தாந்தம். பட்டறிய விலங்கு ஒன்றுகூட இல்லாமல் நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஒரு பாறை யாருக்காகக் கிடந்தது? உயிர்களும் அநாதியே, ஆணவ மலத்தின் இருளில், அறிவு விளங்காத கேவல நிலையில் கிடந்தன, அந்நிலைக்குக் கால எல்லை இல்லை என்பது விடையாகும். தத்துவத்துக்குள் அது பொருந்துகிறது. கல்லைக் கொண்டு அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது.

மணல் பாறையாகும் வழியின் தொடக்கத்தை இன்றும் அருகிலேயே காணலாம். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, கிளிவெட்டிப் பக்கத்து வயல்வெளிகள் மகாவலி கொண்டுவந்த வண்டலால் ஆனவை. அந்த ஆற்று மணலில் ஒரு பங்கு குடாவிலிருந்து தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு வழியே ஆழ்கடலுக்கு இறங்குகிறது. புதையுண்டு இறுகினால் மறுபடி பாறையாகும். ஒடுக்கமும் தோற்றமும் என்னும் சித்தாந்தக் கருத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் சித்தாந்தத்தில் ஒடுக்கம் பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் இளைப்பாற்றல். ஆறு மணலைக் கொண்டுசெல்வதில் அப்படி ஒரு நோக்கமும் இல்லை.